துடைப்பத்தை எடுக்கும் முன் செல்போனை எடுங்கள்!

சுவரில் ஒரு பூச்சி.

"ஐயோ! பூச்சி!" என்று குழந்தை அலறுகிறது.

அம்மா ஓடி வருகிறாள். கையில் துடைப்பம். அப்பா வருகிறார். கையில் செருப்பு. பாட்டி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், "அடிடா, அடி! ஓடிவிடப் போகிறது!" என்கிறாள்.

"பட்" என்று ஒரு சத்தம். கதை முடிந்தது.

அது என்ன பூச்சி? எங்கே இருந்து வந்தது? கடிக்குமா, கடிக்காதா? அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. இனி தெரியப் போவதும் இல்லை. ஏன் என்றால், பூச்சி இருந்த இடத்தில் இப்போது ஒரு கறைதான் இருக்கிறது!

இது ஏதோ ஒரு வீட்டில் நடப்பது அல்ல. வீட்டுக்கு வீடு நடப்பது. நகரத்திலும் நடக்கிறது, கிராமத்திலும் நடக்கிறது.

என் கட்சி இதுதான்: அடிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுங்கள். படம் எடுத்த பிறகு, பெரும்பாலும் அடிக்க மாட்டீர்கள்.

பன்னிரண்டு படம்

ஒரு காலத்தில் படம் எடுப்பது என்றால் சின்ன காரியமா? ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். தலை வாரி, பவுடர் பூசி, நாற்காலியில் விறைப்பாக உட்கார வேண்டும். சொந்தமாகக் காமிரா வைத்து இருந்தவர்கள் பணக்காரர்கள். அவர்களுக்கும் பிலிம் ஒரு சுருளில் 12 படம்தான் கிடைக்கும். அதில் ஒன்றை எறும்புக்குச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்?

இன்று அப்படி அல்ல. காய்கறிக்காரர் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. கொத்தனார் மடியிலும் இருக்கிறது. நூறு படம் எடுத்தாலும் காசு இல்லை. பிடிக்காததை அழித்து விடலாம்.

இவ்வளவு வசதி வந்த பிறகும் நாம் என்ன படம் எடுக்கிறோம்? நம் முகத்தையே திரும்பத் திரும்ப எடுக்கிறோம்! தோசையை எடுக்கிறோம். புதுச் சேலையை எடுக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், வாசல்படிக்கு வெளியே ஒரு பெரிய உலகம் நடமாடிக் கொண்டு இருக்கிறது. அதையும் கொஞ்சம் பாருங்கள் என்கிறேன்.

அதற்குக் காட்டுக்குப் போக வேண்டாம். ஊட்டிக்கும் முதுமலைக்கும் பஸ் ஏற வேண்டாம். கொல்லைப்புறத்துக்குப் போனால் போதும்.

கறிவேப்பிலையில் எச்சம்

தாய்மார்கள் தினமும் கறிவேப்பிலை பறிக்கிறார்கள். சில நாள் இலையின் மேல் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டிக் கொண்டு இருக்கும். கறுப்பும் வெளுப்புமாக இருக்கும். "சீ!" என்று அந்த இலையைக் கிள்ளி எறிந்து விடுவார்கள்.

அடுத்த தடவை எறிய வேண்டாம். செல்போனைக் கிட்டே கொண்டு போய்ப் படம் எடுங்கள். எடுத்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள்.

எச்சத்துக்குத் தலை இருக்கும்! கால் இருக்கும்!

ஆம், அது ஒரு புழு. எச்சம் போல வேஷம் போட்டு இருக்கிறது. எச்சத்தைத் தின்னும் குருவி உண்டா? அதனால்தான் அந்த வேஷம்.

கொஞ்ச நாள் கழித்துப் பாருங்கள். வேஷம் மாறி இருக்கும். புழு கொழுகொழு என்று பச்சை நிறம் ஆகி விடும். இலையின் மேல் கிடந்தால் இலை எது, புழு எது என்று தெரியாது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து சிவப்பாக, கவட்டை போல இரண்டு கொம்பு நீளும். கூடவே ஒரு நெடி வரும். "கிட்டே வராதே" என்று அர்த்தம்.

பிறகு அது தின்பதை நிறுத்தி விடும். ஒரு கொம்பைத் தேடிப் போய், பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக் கொண்டு, அசையாமல் இருந்து விடும். பனைமரம் ஏறும் தொழிலாளி இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து இருப்பாரே, அதே மாதிரி! அதுதான் கூட்டுப்புழு. அதில் இருந்து ஒரு நாள் காலையில் கறுப்புப் பட்டாம்பூச்சி வெளியே வரும். பின் இறக்கையில் வரிசையாக வெள்ளைப் பொட்டு இருக்கும். நீங்கள் பலமுறை பார்த்த பட்டாம்பூச்சிதான். எச்சம் என்று நினைத்துத் தூக்கி எறிந்தீர்களே, அதேதான்!

முட்டையில் இருந்து பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதக் கதை. தினம் ஒரு படம் எடுத்தால் முப்பது படம். அதை வரிசையாக வைத்துக் குழந்தைக்குக் காட்டுங்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில், வட்டமாக அம்புக்குறி போட்டு இருப்பதை, உங்கள் குழந்தை தன் வீட்டுச் செடியில் பார்த்து விடும்.

"செடி மொட்டை ஆகி விடுமே!" என்று சிலர் கேட்கலாம். கன்றாக இருந்தால் அந்தப் பயம் நியாயம்தான். புழுவை எடுத்து வேறு பெரிய மரத்தில் விடுங்கள். ஆள் உயரம் வளர்ந்த மரத்துக்கு இரண்டு புழுவால் ஒன்றும் ஆகாது. நாம் பறிப்பதை விடவா அது தின்று விடப் போகிறது?

இந்தப் பட்டாம்பூச்சியிடம் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பெண் பட்டாம்பூச்சிகளில் சில ஆண் மாதிரியே இருக்கும். சில வேறு மாதிரி இருக்கும். இறக்கையில் சிவப்பும் வெள்ளையும் கலந்து, வேறு ஒரு விஷப் பட்டாம்பூச்சியைப் போலவே தோன்றும். அந்த விஷப் பட்டாம்பூச்சியைத் தின்ற பறவைக்கு வாய் கசக்கும். அதனால் இதையும் தொடாது. இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? உடம்பைப் பாருங்கள். விஷம் உள்ளதற்கு உடம்பு சிவப்பு. வேஷம் போட்டதற்கு உடம்பு கறுப்பு. பறக்கும்போது இது கண்ணில் படாது. படம் எடுத்தால் பளிச் என்று தெரியும்.

குளவி கொட்டினால் புழு குளவி ஆகுமா?

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவி ஆகும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். படிக்காத பிள்ளையைப் படிக்க வைப்பதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

வீட்டுச் சுவரில், ஜன்னல் மூலையில், சாமி படத்துக்குப் பின்னால் குளவி மண்கூடு கட்டும். "வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது" என்று மகிழ்ச்சி அடைகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த நம்பிக்கையால் பல கூடுகள் உயிர் தப்பி இருக்கின்றன. அந்த மட்டும் நல்லதுதான்!

ஆனால், அந்தக் கூட்டில் உண்மையில் நடப்பது என்ன?

குளவி வாயில் ஈர மண்ணை உருட்டிக் கொண்டு வருகிறது. பூசுகிறது. மறுபடி போகிறது. அறை ஒன்று தயார் ஆனதும் வேட்டைக்குக் கிளம்புகிறது. சில வகைக் குளவி புழுவைத் தூக்கி வரும். சில வகை சிலந்தியைத் தூக்கி வரும். கொடுக்கால் குத்தினால் இரை சாகாது. அசைய முடியாமல் கிடக்கும். செத்தால் அழுகி விடும் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இரையை அறையில் அடைத்து, ஒரு முட்டையும் இட்டு, வாசலை மண்ணால் மூடி விடுகிறது.

முட்டையில் இருந்து வரும் குளவிக் குஞ்சு, அந்த இரையைத் தின்று வளர்கிறது. பிறகு மூடியை உடைத்துக் கொண்டு வெளியே வருகிறது.

உள்ளே போனது புழு. வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. அதனால், "புழுதான் குளவி ஆயிற்று" என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களிடம் காமிரா இல்லை.

உங்களிடம் இருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குளவி வரும்போதெல்லாம் ஒரு படம் எடுங்கள். காலில் என்ன தூக்கி வருகிறது என்று தெரிந்து விடும். கூட்டை மட்டும் உடைக்க வேண்டாம். பொறுமையாக இருந்தால், அதுவே ஒரு நாள் ஓட்டை போட்டு வெளியே வரும். அந்த ஓட்டையையும் படம் எடுங்கள்.

பிரான்சு நாட்டில் ஜான் ஆன்றி பாப்ர் என்று ஒருவர் இருந்தார். 1823-ம் ஆண்டில் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1879-ம் ஆண்டில் ஒரு கிராமத்தில், கல்லும் முள்ளுமான ஒரு நிலத்தை வாங்கினார். பயிர் வைக்கவா? இல்லை. பூச்சி பார்க்க! கடைசி வரை அங்கேயே இருந்து, குளவி, வண்டு, சிலந்தி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பத்துப் பாகம் எழுதினார். குளவி இரையைக் கொல்லாமல் செயல் இழக்கச் செய்வதை அவர் எத்தனையோ தடவை கவனித்து எழுதி இருக்கிறார். பிற்காலத்தில் அவருடைய மகன் பால் ஆன்றி அந்தப் பூச்சிகளைப் படம் எடுத்தார். அப்பா எழுத, பிள்ளை படம் பிடிக்க, ஒரு குடும்பமே கொல்லைப்புறத்தில் இருந்து உலகப் புகழ் பெற்றது.

எட்டுக் கண்

சுவரில் தாவித் தாவிப் போகும் சின்னஞ்சிறு சிலந்தியைப் பார்த்து இருப்பீர்கள். அரிசியை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். இது வலை கட்டி இரை பிடிக்காது. பூனை போலப் பதுங்கிப் போய்ப் பாயும். ஈ, கொசு எல்லாம் இதற்கு ஆகாரம்.

இதைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் அசந்து போவார்கள். எட்டுக் கண்! முன்னால் மட்டும் நான்கு. அதில் நடுவில் உள்ள இரண்டும் லாரியின் முன் விளக்கு மாதிரி பெரிதாக இருக்கும். நீங்கள் விரலை அசைத்தால், அது உடம்பைத் திருப்பி உங்களையே பார்க்கும். நீங்கள் அதைப் படம் எடுக்க, அது உங்களை வேடிக்கை பார்க்கும்!

ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்த குழந்தை, அடுத்த தடவை "ஐயோ" என்று அலறாது. "அம்மா, அது இருக்கிறதா, போய்விட்டதா?" என்று கேட்கும்.

பயம் எங்கே இருந்து வருகிறது? தெரியாமையில் இருந்து வருகிறது. பெற்றோர் அலறுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அலறக் கற்றுக் கொள்கின்றன. பிறகு என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் மருந்து வாங்கி வருகிறோம். வீடு முழுவதும் "புஸ்" என்று அடிக்கிறோம். அதே தரையில்தான் கைக்குழந்தை தவழ்கிறது. சுவரில் இருந்த சிலந்தி பெரிய ஆபத்தா, தரையில் படிந்த மருந்து பெரிய ஆபத்தா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கொசுவுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. கரப்பானுக்காகவும், கதவைத் தின்னும் கறையானுக்காகவும் வாங்கவில்லை. அவற்றை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த நாலைந்து பேர் செய்யும் குற்றத்துக்கு, தெருவில் போகிற ஆயிரம் பேரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

2008-ம் ஆண்டில் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் பாழாயின. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் களைத்துப் போனார்கள். 2010-ம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். கடுகை விடச் சின்னது. அது மாவுப்பூச்சிக்கு உள்ளே முட்டை இட்டது. மாவுப்பூச்சி அடங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, தமிழ்நாட்டு விவசாயியைக் காப்பாற்றியது!

பிரிட்ஜில் வைக்காதீர்கள்

இனி, படம் எடுக்கிறவர்களிடம் ஒரு சண்டை போட வேண்டி இருக்கிறது.

துடைப்பத்தால் அடிப்பவர்கள் ஒரு பக்கம். படத்துக்காகப் பூச்சியைச் சித்திரவதை செய்பவர்கள் இன்னொரு பக்கம். இவர்கள் படித்தவர்கள். நல்ல காமிரா வைத்து இருப்பவர்கள். பூச்சி பறந்து விடக் கூடாது என்று அதைப் பிடித்து டப்பியில் போட்டு, பிரிட்ஜில் வைத்து விடுகிறார்கள். குளிரில் விறைத்த பிறகு எடுத்து, பூவின் மேல் உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள். சிலர் பசை போட்டு ஒட்டுகிறார்கள். சிலர் நூலால் கட்டுகிறார்கள். படம் அழகாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் "ஆகா" என்கிறார்கள்.

அது படமா? பொய்!

கும்பிடுபூச்சி இயற்கையாக நிற்கும்போது எப்படிக் கால் ஊன்றும், தலையை எப்படித் திருப்பும் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு, இந்தப் பொய் உடனே தெரிந்து விடும். குளிரில் விறைத்த பூச்சியின் படம், மயக்க மருந்து கொடுத்த மனிதனை நிற்க வைத்து எடுத்த படம் மாதிரி.

இந்தப் பொய் பெரிய இடத்திலும் நடக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை ஆண்டுதோறும் காட்டுயிர்ப் படப் போட்டி நடத்துகிறது. 2017-ம் ஆண்டில் பிரேசில் நாட்டுப் படம் ஒன்றுக்கு ஒரு பரிசு கிடைத்தது. இரவு நேரம். ஒரு கறையான் புற்று. அதில் மின்மினி போல ஒளிவிடும் புழுக்கள். பக்கத்தில் எறும்புதின்னி. அற்புதமான படம்! ஆனால், 2018-ம் ஆண்டில் பரிசைத் திரும்பப் பெற்று விட்டார்கள். அந்த எறும்புதின்னி பஞ்சு அடைத்த பொம்மை என்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள். படம் எடுத்தவர் அதை மறுத்தார். ஒளிவிட்ட புழுக்கள் என்னவோ நிஜம். அதுவே போதாதா? ஏன் இந்த ஆசை?

நம் ஊரிலும் இது புதிது அல்ல. சின்ன வயதில் தட்டானைப் பிடித்து, வாலில் நூல் கட்டி, கல் தூக்க வைத்து விளையாடாதவர்கள் எத்தனை பேர்? அந்தத் தட்டான்களில் ஒரு வகை, மழைக்காலம் முடியும்போது இந்தியாவில் இருந்து கிளம்பி, மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று 2009-ம் ஆண்டில் சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். கப்பல் இல்லாமல் கடல் தாண்டும் பிராணிக்கு நாம் கூழாங்கல் தூக்கும் வேலை கொடுத்தோம்!

நேர்மையாக எடுத்தால் நல்ல படம் வராதா? வரும். ஸ்டீபன் டால்டன் என்ற ஆங்கிலேயர் அதைச் செய்து காட்டினார். பூச்சி பறக்கும்போதே படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கென்றே கருவி செய்தார். ஒளிக்கதிர் ஒன்றைப் பூச்சி பறந்து கடந்தால், காமிரா தானே படம் எடுத்துக் கொள்ளும். பிளாஷ் வெளிச்சம் ஒரு வினாடியை 25,000 பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். அப்படி எடுத்த படங்களை 1975-ம் ஆண்டில் புத்தகமாக வெளியிட்டார்.

1977-ம் ஆண்டில் அமெரிக்கா வாயேஜர் என்ற இரண்டு விண்கலங்களை அனுப்பியது. வேற்று உலகத்தில் யாராவது இருந்தால் பார்க்கட்டும் என்று, தங்கப் பூச்சுப் பூசிய தட்டில் பூமியின் படங்களைப் பதித்து அனுப்பினார்கள். நூறுக்கு மேல் படம். அதில் ஒன்று டால்டன் எடுத்தது. பூக்களின் அருகே பறக்கும் ஒரு பூச்சி!

பூமியைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்க, ஒரு பூச்சிக்கும் இடம் கொடுத்தார்கள். பசை போட்டு ஒட்டிய பூச்சி அல்ல. பறந்து கொண்டு இருந்த பூச்சி.

எப்படி எடுப்பது?

செல்போன் போதும். இப்போது வரும் பல செல்போன்களில் கிட்டத்துப் படத்துக்கு என்றே "மேக்ரோ" என்று ஒரு வசதி இருக்கிறது. இல்லாவிட்டால், செல்போனில் மாட்டிக் கொள்ளும் சின்ன லென்சு கடையில் கிடைக்கும். அதுவும் இல்லாவிட்டால், கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு பெரிதாக்கிக் கொள்ளுங்கள்.

காலை நேரம்தான் நல்ல நேரம். இரவுக் குளிரில் பூச்சிக்கு உடம்பு மரத்துப் போய் இருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் பறக்கும். பிரிட்ஜில் வைக்கிறவர்களுக்கு இது தெரிந்தால், இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்து இருப்பார்கள்! இளம் வெயிலில் வெளிச்சமும் நன்றாக இருக்கும். பிளாஷ் வேண்டாம்.

உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. விழுந்தால் ஓடி விடும். மெதுவாகப் போங்கள். நின்று கொண்டு மேலே இருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும். குந்தி உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில் செல்போனை வைத்து எடுங்கள். எறும்பானால் தரையில் படுத்துக்கூட எடுக்க வேண்டி வரும். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கிட்டப் போகப் போக, தெளிவாக விழும் இடம் சுருங்கிக் கொண்டே வரும். கண் தெளிவாக விழுந்தால் கால் மங்கும். கால் விழுந்தால் கண் மங்கும். எல்லாமும் விழாது. அதனால் கண்ணைப் பிடியுங்கள். கண் தெளிவாக இருந்தால் படத்துக்கு உயிர் வந்து விடும். பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும். அதற்காக மனம் தளர வேண்டாம். பெரிய நிபுணர்களுக்கும் அதே கணக்குத்தான்.

தொடாதே!

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கும் எடுப்பதற்கும்தான் அனுமதி, தொடுவதற்கு இல்லை.

கம்பளிப்பூச்சியைத் தொட்டால் மயிர் குத்தி அரிக்கும், தடிக்கும். கல்லைப் புரட்டினால் தேள் இருக்கலாம், பூரான் இருக்கலாம். கதண்டுக் கூடும் தேன்கூடும் இருக்கும் பக்கமே குழந்தைகளை அனுப்பக் கூடாது. கதண்டு கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் படமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சிறு பிள்ளைகளோடு பெரியவர்கள் ஒருவர் எப்போதும் கூட இருங்கள்.

ஒரு வீட்டில் எத்தனை?

"எங்கள் வீட்டில் அப்படி என்ன பெரிதாக இருக்கப் போகிறது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் ஒரு சாதாரண வீடு. அதில் மூன்று பேர் குடி இருந்தார்கள். 2020-ம் ஆண்டில் கொரோனா ஊரடங்கு வந்தது. வெளியே போக முடியவில்லை. சும்மா இருப்பானேன் என்று, வீட்டிலும் தோட்டத்திலும் உள்ள உயிர்களை எண்ணத் தொடங்கினார்கள். ஒரு வருடம் எண்ணினார்கள். விலங்கு, பூச்சி, செடி, காளான் எல்லாம் சேர்த்து 1,150 வகை!

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஜெனிபர் ஓவன் என்ற அம்மையார் தன் வீட்டுத் தோட்டத்தில் 1972 முதல் 2001 வரை 30 ஆண்டுகள் கணக்கு எடுத்தார். 2,673 வகை உயிர்கள். அதில் பூச்சிகள் மட்டும் ஏறக்குறைய 2,000. அவர் பொறி வைத்துப் பிடித்து எண்ணினார். இன்றும் விஞ்ஞானிகள் சில பூச்சிகளைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். படத்தை மட்டும் வைத்து எல்லாப் பூச்சிக்கும் பெயர் சொல்லிவிட முடியாது. ஆனால், அது அவர்கள் வேலை. நமக்குப் படம் போதும்.

அந்தப் படத்தால் நாட்டுக்கும் பயன் உண்டு. ஸ்பெயின் நாட்டில் கொசுவைப் படம் எடுத்து அனுப்புவதற்கு என்றே செல்போனில் ஒரு ஏற்பாடு வைத்து இருக்கிறார்கள். 2018-ம் ஆண்டில் வடக்கே ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்து நிபுணர்கள் திடுக்கிட்டார்கள். அந்த நாட்டில் அதுவரை யாரும் பார்க்காத வெளிநாட்டுக் கொசு அது! உடனே ஆள் அனுப்பித் தேடி, உண்மை என்று கண்டுபிடித்தார்கள். சர்க்கார் அதிகாரி கண்ணில் படாதது ஒரு வீட்டுக்காரர் கண்ணில் பட்டது.

நீங்கள் எடுத்த பூச்சிக்குப் பெயர் தெரியாவிட்டால், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இடங்களில் படத்தைப் போடலாம். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். எடுத்த தேதியையும் ஊரையும் மறக்காமல் போடுங்கள். வீட்டு விலாசம் மட்டும் வெளியே தெரியாதபடி மறைத்து வையுங்கள். அதற்கு வசதி இருக்கிறது.

வேலை இல்லாதவன் வேலையா?

"சோற்றுக்கு வழி பார்க்காமல் பூச்சியைப் படம் எடுப்பதா? வேலை இல்லாதவன் செய்கிற வேலை!" என்று ஒரு பெரியவர் கேட்கக் கூடும்.

ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செல்போனைத் தடவிக் கொண்டு இருக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள். அதில் பத்து நிமிடம் கேட்கிறேன். அவ்வளவுதான்.

"பிள்ளைகள் கையில் செல்போன் கொடுக்காதே என்கிறார்கள். நீ கொடுக்கச் சொல்கிறாயே?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. செல்போன் பித்துக்கு இது மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், கட்டிலில் படுத்துக் கொண்டு செல்போன் பார்க்கும் பிள்ளைக்கும், செடிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து எறும்பு எப்போது திரும்பும் என்று காத்து இருக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறதா, இல்லையா? செல்போன் உங்களுடையதாக இருக்கட்டும். படம் எடுத்ததும் திரும்ப வாங்கி விடுங்கள்.

குழியானை

எதில் தொடங்குவது என்று கேட்டால், குழியானையில் தொடங்குங்கள். அது ஓடாது, பறக்காது, கொட்டாது.

மழை படாத தாழ்வாரத்து ஓரம், மாட்டுக் கொட்டகை ஓரம், கோவில் மண்டபத்துப் பக்கம் பொடி மணல் இருக்கும். அதில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு குழியானை மண்ணுக்குள் ஒளிந்து இருக்கும். பின்பக்கமாகவே நடக்கும் பிராணி. வாய் வெளியே தெரியும், இடுக்கி மாதிரி.

எறும்பு ஒன்று தவறிக் குழியில் விழுந்தால், ஏறப் பார்க்கும். மணல் சரியும். குழியானை கீழே இருந்து மணலை வாரி எறிந்து, ஏற விடாமல் அடிக்கும். கடைசியில் இடுக்கி பிடித்துக் கொள்ளும். சாற்றை உறிஞ்சி விட்டு, வெறும் தோலைக் குழிக்கு வெளியே வீசி விடும். இந்தக் குழியானைதான் பின்னால் இறக்கை முளைத்து, தட்டான் போன்ற உருவத்தில், இரவில் பறக்கிறது.

காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது குழியின் ஓரம் நன்றாகத் தெரியும். செல்போனைத் தரையோடு தரையாக வைத்து, குழியின் விளிம்பைப் பார்த்துக் காத்து இருங்கள். அவசரப்பட்டு எறும்பைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டாம். பக்கத்தில்தான் எறும்புச் சாரை இருக்கும். தானாக ஒன்று வரும்.